கார்டு மாற்றிய ஞாயிறு

ஒரு படம் திறக்க ஒரு நிமிடம் ஐம்பது விநாடி ஆனது. ஐந்து முறை அளந்தேன். ஐந்துக்கும் இடையே இரண்டு மூன்று விநாடிக்கு மேல் வித்தியாசம் இல்லை.

கோவையில், கணபதி பகுதியில் ஒரு ஸ்கேன் மையத்தில் நான் மேலாளர். அதற்கு முன் பதினோரு ஆண்டுகள் ஒரு நாளிதழின் கோவைப் பதிப்பில் செய்தி மேசையில் இருந்தேன். பதிப்பைச் சுருக்கியபோது வெளியே வந்தேன். மையத்தை நடத்தும் டாக்டர் என் மனைவியோடு பள்ளியில் படித்தவர். ஸ்கேன் படங்களைப் பார்த்து அறிக்கை எழுதுவது அவர் வேலை. மற்ற எல்லாம் என் வேலை. சர்வரும் அதில் அடக்கம்.

சர்வர் என்பது எக்ஸ்ரே அறைக்குப் பின்னால், ஏசி போட்ட ஒரு சின்ன அறையில், இரும்புச் சட்டத்துக்குள் கிடக்கும் தட்டையான பெட்டி. அதில் எட்டு டிஸ்க்குகள். ஏழு வருடங்களாக அந்த மையத்தில் படுத்து எழுந்த அத்தனை பேரின் நுரையீரலும் முதுகெலும்பும் கல்லீரலும் அந்த எட்டில் இருந்தன.

"அண்ணா, நான் எண்ணிட்டே உக்காந்திருக்கேனுங்க. நூறு வரைக்கும் எண்ணினா ஒருத்தரு வருவாரு. இப்படி நாப்பது பேரு" என்றார் டாக்டர். கோபமாகச் சொல்லவில்லை. அவர் கோபமாக எதையும் சொல்வதில்லை. அதனால் எனக்குத் தூக்கம் குறைந்தது.

அதற்குப் பிறகு ஒரு மாதம் நான் கார்டுகளைப் பற்றிப் படித்தேன். சர்வரின் பின்பக்கம் மூன்று ஸ்லாட்டுகள் உண்டு. அவற்றில் நாம் விரும்பும் கார்டைச் செருகிப் பெட்டியின் வேலையைக் கூட்டலாம். எந்தக் கார்டு என்பதுதான் கேள்வி. ஒரு விற்பனையாளர் கிராபிக்ஸ் கார்டு போட்டால் பறக்கும் என்றார். எங்கள் பெட்டியின் உயரத்துக்கு அது உள்ளேயே போகாது, போனாலும் அதற்கு வேண்டிய மின்சாரம் எங்கள் பெட்டியில் இல்லை. இன்னொருவர் வேகமான நெட்வொர்க் கார்டு என்றார். படம் திறக்கும் நேரத்தில் நான் சர்வர் அறையில் நின்று பார்த்தேன். நெட்வொர்க் பாதியளவுகூட ஓடவில்லை. டிஸ்க்குகளின் விளக்குகள்தான் நிற்காமல் துடித்தன. சிக்கல் கம்பியில் இல்லை, டிஸ்க்கில் இருந்தது.

எட்டு டிஸ்க்குகளையும் ஒன்றாகக் கட்டி மேய்ப்பது ரெய்டு கார்டு. எந்தப் படத்தின் எந்தத் துண்டு எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்ற கணக்கு அதன் பொறுப்பு. அந்தக் கணக்கு போனால் டிஸ்க்குகள் இருக்கும், படங்கள் இருக்காது. எங்களுடைய கார்டில் தற்காலிகமாக எழுதி வைத்துக்கொள்ளும் நினைவகத்துக்கு ஒரு பேட்டரி இருந்தது. அது எப்போதோ செத்துவிட்டது. பேட்டரி செத்ததும் கார்டு அந்த நினைவகத்தைத் தொடுவதை நிறுத்தி, எல்லாவற்றையும் நேராக டிஸ்க்கில் எழுத ஆரம்பித்திருக்கிறது. ஒரு பக்கம் புதுப் படங்கள் எழுதப்படும்போது பழைய படங்கள் வரிசையில் நிற்கின்றன. அந்த மாடலுக்கு இப்போது பேட்டரி கிடைப்பதில்லை.

எனவே புது ரெய்டு கார்டு. பழைய கார்டின் அதே வம்சத்தில் வந்ததாக இருக்க வேண்டும். அப்போதுதான் பழைய டிஸ்க்குகளின் கணக்கைப் படிக்கும். இதை இரண்டு இடங்களில் உறுதி செய்துகொண்டேன். எந்த ஸ்லாட் என்பதையும் பார்த்தேன். மூன்றில் ஒன்று வெளியே நீளமாக இருந்தாலும் உள்ளே தகவல் போகும் வழிகளில் பாதிக்குத்தான் கம்பி இருந்தது. அதில் செருகினால் புதுக் கார்டு பாதி மூச்சில் ஓடும். பழைய கார்டு இருந்த ஸ்லாட்டே சரி என்று முடிவு செய்தேன். இவ்வளவும் கவனமாகச் செய்தேன் என்பதை எழுதும்போதே எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஏனென்றால் செய்யாமல் விட்டது வேறு.

நகல் இல்லை.

நகல் எடுப்பதற்கென்று ஒரு பெட்டி வாங்கி வைத்திருந்தோம். ஒரு திங்கட்கிழமை காலையில் அதை ஓடவிட்டேன். டாக்டர் உள்ளே வந்து, "நகல் ஓடுதுங்களா அண்ணா?" என்று கேட்டார். "ஓடுதும்மா" என்றேன். அது உண்மை. பத்து மணிக்கு ஒரு படம் திறக்க நான்கு நிமிடம் ஆனது. வெளியே நோயாளிகள் எழுந்து நின்றுவிட்டார்கள். பன்னிரண்டு மணிக்கு நகலை நிறுத்தினேன். மாலையில் ஓடவிட்டபோது காலைக்குள் முடியவில்லை. ஞாயிறுகளில் விட்டுப் பார்த்தேன், பாதியில் நின்றது. கடைசியில் அறிக்கைகளும் நான்கு மாதப் படங்களும் மட்டும் நகலாகியிருந்தன. மிச்சம் ஆறு வருடம் எட்டு மாதம் சர்வரில் மட்டுமே இருந்தது. புதுக் கார்டு வந்தால் வேகம் வரும், வேகம் வந்தால் நகல் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். நகல் இல்லாமல் கார்டை மாற்றக்கூடாது என்பதையும் நினைத்தேன். இரண்டையும் ஒரே நேரத்தில் நினைக்காமல் பார்த்துக்கொண்டேன். டாக்டரிடம் நான் சொன்ன பதிலுக்குத் திருத்தம் வெளியிடவில்லை.

புதுக் கார்டு வரவேண்டிய வாரம், வெள்ளிக்கிழமை வால்பாறையிலிருந்து ஒரு பெண் போன் செய்தார். எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர். போன வருடம் எங்களிடம் எடுத்த ஸ்கேனில் நுரையீரலில் ஒரு புள்ளி தெரிந்தது. ஒரு வருடம் கழித்து மறுபடி எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் எழுதியிருந்தார்.

"திங்கக்கெழம முத பஸ்ஸுக்கு எறங்கி வாரேன் சார். பிலிமு மழையில ஒட்டிப்போச்சு. பழைய படம் உங்க கம்ப்யூட்டர்ல இருக்கும்ல?"

"இருக்குதும்மா, வாங்க" என்றேன்.

கார்டு சனிக்கிழமை மதியம் வந்தது. பெட்டியைப் பிரித்தால் கார்டின் முனையில் உயரமான இரும்புப் பட்டை. கார்டை ஸ்லாட்டில் செருகி, அந்தப் பட்டையைச் சர்வரின் பின்சட்டத்தில் திருகி இறுக்குவார்கள். எங்கள் பெட்டிக்குக் குட்டைப் பட்டை வேண்டும். கூடவே வந்திருக்க வேண்டியது, வரவில்லை. பெங்களூரிலிருந்து வரவழைக்கப் பத்து நாள் என்றார்கள்.

வேறு ஊராக இருந்தால் பத்து நாள் காத்திருப்பார்கள். கணபதியில் யாரும் ஒரு இரும்புத் துண்டுக்காகப் பத்து நாள் காத்திருக்க மாட்டார்கள். இரண்டு சந்து தள்ளி ஒரு லேத் பட்டறை இருக்கிறது. அதன் உரிமையாளர் பம்ப்செட் பாகங்கள் செய்கிறவர். அறுபது வயதுக்கு மேல். அவருடைய மனைவிக்கு எங்கள் மையத்தில்தான் ஸ்கேன் எடுத்தோம். பழைய கார்டின் பட்டையை இதில் மாட்டலாமா என்று அதன் வரைபடத்தை வைத்துப் பார்த்தேன், திருகு ஓட்டைகள் ஒத்துவரவில்லை. அளவெடுத்துக்கொண்டு, கார்டோடு வந்த பட்டையையும் எடுத்துக்கொண்டு போனேன்.

அவர் அளவைப் பார்த்தார். கம்பெனிப் பட்டையை விரலால் வளைத்துப் பார்த்தார்.

"என்ன தம்பி இது, பிஸ்கட் டப்பா மூடியாட்ட இருக்குது. இத நம்பியா அத்தன பேரு படத்த வெச்சிருக்கறீங்க?"

"அவ்வளவுதானுங்க வேணும். இதே மாதிரி போதும்."

"இதே மாதிரி செய்யறதுக்கு நான் எதுக்குங்க? நாளைக்குக் காலைல நானே கொண்டாறேன். ஆடாது அசையாது."

ஞாயிற்றுக்கிழமை மையம் விடுமுறை. ஒன்பதரை மணிக்கு சர்வீஸ்காரர் வந்தார். வெள்ளகோவில்காரர், நாற்பது வயதிருக்கும், எங்கள் கம்ப்யூட்டர்களை ஆரம்பத்திலிருந்து பார்க்கிறவர். ஒன்பது நாற்பதுக்கு சர்வரை அணைத்தோம். ஏழு வருடமாக ஓடிக்கொண்டிருந்த விசிறிகள் நின்றன. அந்த அறை அவ்வளவு அமைதியாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. நோட்டில் நேரத்தைக் குறித்தேன். செய்தி மேசையில் வந்த பழக்கம், பயம் வந்தால் நேரம் எழுதுவேன்.

பட்டறைக்காரர் கை துடைக்கும் பனியன் வேஸ்ட் துணியில் சுற்றி அதைக் கொண்டுவந்தார். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ஓரங்களை மழுக்கி, முகம் பார்க்கலாம் போலப் பாலிஷ் போட்டிருந்தார். கம்பெனிப் பட்டையைவிட இரண்டு மடங்கு தடிமன்.

"அம்சமா இருக்குதுங்க ஐயா" என்றார் சர்வீஸ்காரர்.

"உக்காருதான்னு பாரு மொதல்ல."

சர்வீஸ்காரர் பழைய கார்டை எடுத்துவிட்டு, புதுக் கார்டில் பட்டையை மாட்டி, அதே ஸ்லாட்டில் செருகி, இரண்டு கேபிள்களையும் இணைத்தார். திருகை விரலால் மட்டும் சுற்றிவிட்டு, முதலில் ஓடுகிறதா பார்க்கலாம் என்று மூடியைத் திறந்தே வைத்தார். பத்து முப்பத்தைந்துக்கு ஆன் செய்தோம். திரையில் எழுத்துகள் ஓடின. பிறகு நின்றன.

வேறொரு கார்டு எழுதிய கணக்கு இந்த டிஸ்க்குகளில் இருக்கிறது என்றது புதுக் கார்டு. இரண்டு வழி கொடுத்தது. ஒன்று, அந்தக் கணக்கை ஏற்றுக்கொள்வது. மற்றது, அழிப்பது. இரண்டும் ஒன்றன் கீழ் ஒன்றாக, ஒரே அளவு எழுத்தில் இருந்தன. அம்புக்குறி ஒன்றிலிருந்து மற்றதற்கு ஒரு தட்டில் போய்விடும்.

"ஏத்துக்கறதுதானுங்க சார்?" என்றார் சர்வீஸ்காரர். அவர் விரல் என்டர் பட்டனுக்கு மேலே இருந்தது.

"ஒரு நிமிஷம்." நான் திரையில் விரல் வைத்து இரண்டு தடவை படித்தேன். என் விரல் திரையில் ஈரத் தடம் விட்டது. "ஆமாங்க. அமுத்துங்க."

இன்னொன்றும் எனக்குத் தெரிந்திருந்தது. புதுக் கார்டு கணக்கை ஏற்றுக்கொண்டால் அதைத் தன் முறைக்கு மாற்றி எழுதிவிடும். அதற்குப் பிறகு பழைய கார்டைத் திரும்ப மாட்டினாலும் அது படிக்கும் என்ற உறுதி இல்லை. திரும்பிப் போக வழி கிடையாது.

பத்து ஐம்பத்திரண்டுக்கு எட்டு விளக்குகளும் பச்சையாயின. ஒரு பழைய ஸ்கேனைத் திறந்தேன். பதின்மூன்று விநாடி. மறுபடி வேறொன்று. பதின்மூன்று. பட்டறைக்காரர் என் முதுகில் தட்டினார். சர்வீஸ்காரர் திருகை ஸ்க்ரூடிரைவரால் இறுக்கினார், மூடியைச் சாத்தினார், பெட்டியைச் சட்டத்துக்குள் தள்ளினார். எதிர்க் கடையிலிருந்து மூன்று டீ வந்தது. டாக்டருக்குப் போன் செய்து பதின்மூன்று என்று சொன்னேன். அவர் சிரித்தது கேட்டது.

பதினொன்று நாற்பதுக்கு ஒரு முதுகெலும்புப் படம் பாதி வரை வந்து நின்றது. மேல் பாதி எலும்பு, கீழ்ப் பாதி கறுப்பு. பிறகு திரையில் ஒரு வரி. டிஸ்க்குகள் எதுவும் இல்லை.

சர்வர் அறைக்கு ஓடினேன். பத்தடி தூரம்தான், ஆனாலும் ஓடினேன். எட்டு விளக்குகளும் அணைந்திருந்தன.

அணைத்து ஆன் செய்தோம். கார்டே இல்லை என்றது. மறுபடி அணைத்து ஆன் செய்தோம். கார்டு வந்தது, டிஸ்க்குகளும் வந்தன, ஆறு நிமிடம் நின்று போய்விட்டன. பன்னிரண்டு பத்துக்கு பெட்டியை வெளியே இழுத்து, மூடியைத் திறந்து பார்த்தோம். கேபிள்களை அழுத்தினோம். மூடினோம். நான்கு நிமிடம். ஒவ்வொரு தடவையும் அது எதையோ எழுதிக்கொண்டிருக்கும்போது அறுந்தது. எத்தனை தடவை அறுந்தால் கணக்கு கிழியும் என்று எந்த இடத்திலும் நான் படித்திருக்கவில்லை.

"திரும்பத் திரும்ப ஆன் பண்ணாதீங்க சார்" என்றார் சர்வீஸ்காரர். "டிஸ்க்கு ஒண்ணு ரண்டு போனாப் பரவால்லீங்க, தாங்கிக்கும். மூணாவது போச்சுன்னா எல்லாமே போச்சுங்க." பிறகு, "அதான் நகல் இருக்குதுங்கள்ல. அப்பறம் என்னங்க பயம்?" என்றார்.

நான் நோட்டைப் பார்த்தேன். ஆறு வருடம் எட்டு மாதம் என்று மனதுக்குள் ஓடியது. அதோடு இன்னொரு எண்ணமும் வந்தது. அந்தப் பெண்ணின் படம் போன வருடத்தது. நகலில் உள்ள நான்கு மாதத்துக்குள் அது இல்லை.

கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். அங்கே சுவரில், கர்ப்பமாக இருந்தால் முன்கூட்டியே தெரிவிக்கவும் என்று நானே எழுதி ஒட்டிய அறிவிப்பு இருந்தது. அதில் ஒரு எழுத்துப்பிழை. மூன்று வருடமாகக் கண்ணில் படாதது அப்போது பட்டது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். முகம் கழுவிவிட்டு வெளியே வந்தபோது செல்போன் அடித்தது. டாக்டர்.

"எப்படிப் போகுதுங்க அண்ணா?"

"போயிட்டிருக்குதும்மா."

இதையும் எழுதிவைத்தேன். ஒன்று ஐந்து.

பட்டறைக்காரர் எங்களை விட்டுப் போகவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியைச் சர்வர் அறை வாசலில் போட்டு உட்கார்ந்து, மின்சாரம் சரியில்லை என்றார், ஏசி பத்தாது என்றார், சீனாக்காரன் செய்த சாமான் இப்படித்தான் என்றார். சர்வீஸ்காரர் ஒவ்வொன்றுக்கும் "ஆமாங்க ஐயா" என்றார். ஒன்றேமுக்கால் மணிக்குப் பட்டறைக்காரர் வீட்டிலிருந்து போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு ஆறிக்கொண்டிருந்தது.

"சித்த நேரத்துல வந்தர்றேன். நீங்களும் என்னமாச்சும் சாப்புடுங்க. மொகம் வெளுத்துப்போச்சு தம்பிக்கு."

அவருடைய வண்டி சந்து திரும்பும் சத்தம் கேட்கும்வரை சர்வீஸ்காரர் பேசவில்லை. பிறகு ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார்.

"சார், ஒண்ணு சொல்லுட்டுங்களா? தப்பா நெனைக்கப்படாது."

"சொல்லுங்க."

"அந்தத் திருகுங்க. காலைல இறுக்கும்போதே எனக்குக் கை சொல்லுச்சுங்க. கடைசி ரண்டு சுத்துக்கு அது இழுத்துட்டுத்தானுங்க போச்சு. பட்டையோட மடிப்பு ஒரு மயிரெழை எச்சா இருக்குதுங்க. அந்தப் பக்கம் இறுக்குனா இந்தப் பக்கம் வாலு தூக்குது."

நான் கேட்டது எனக்கே கேட்காத குரலில்: "காலையிலேயே தெரியுமா?"

"தெரியும்னு சொல்ல முடியாதுங்க. சந்தேகந்தானுங்க. பெரியவரு, ஞாயித்துக்கெழமன்னும் பாக்காம, அவரே செஞ்சு அவரே கொண்டாந்திருக்காரு. பக்கத்துலயே நிக்கறாரு. எப்படிங்க சார் சொல்றது, உங்க சாமான் சரியில்லீன்னு?"

நான் நோட்டைப் புரட்டினேன். பத்து ஐம்பத்திரண்டு, திருகு விரலால் மட்டும், மூடி திறந்து, ஓடியது. திருகு இறுக்கிய பிறகு நான்கு தடவையும் போய்விட்டது. மூன்று மணி நேரம் கையில் வைத்துக்கொண்டு படிக்காமல் இருந்திருக்கிறேன். மூடியைத் திறந்து, டார்ச் அடித்து, கண்ணை ஸ்லாட்டின் மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். கார்டின் அடியில் தங்கநிறப் பற்கள் உண்டு. முழுவதும் ஸ்லாட்டுக்குள் மறைந்திருக்க வேண்டும். முன்பக்கம் மறைந்திருந்தன. வால் பக்கம் ஒரு மெல்லிய தங்கக் கோடு தெரிந்தது. தலைமுடி அளவு. ஆறு வருடம் எட்டு மாதம் அந்தக் கோட்டில் நின்றது.

"நகல் இல்லீங்க" என்றேன்.

"என்னங்க?"

"நகல் இல்ல. நாலு மாசத்துக்குத்தான் இருக்குது. மிச்சம் எதுவும் இல்ல. டாக்டருக்கும் தெரியாது."

சர்வீஸ்காரர் தரையில் உட்கார்ந்தார். "அட சாமி" என்றார். பிறகு, "அது தெரிஞ்சிருந்தா நான் காலைல சொல்லியிருப்பனுங்க சார்" என்றார். அது குற்றச்சாட்டு இல்லை. ஆனால் சரியான வரி.

இரண்டரைக்குப் பட்டறைக்காரர் வெற்றிலை போட்டுக்கொண்டு வந்தார். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். நான்தான் சொன்னேன். டார்ச்சைக் கையில் கொடுத்து, குனிந்து பார்க்கச் சொன்னேன். அவர் முட்டி போட்டுப் பார்த்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். எழுந்தபோது முகம் சிவந்திருந்தது.

"ஏனப்பா, இதெத் தெரிஞ்சு வெச்சுட்டா ரண்டு பேரும் நான் திங்கறதுக்குப் போற வரைக்கும் வாயத் தொறக்காம உக்காந்திருந்தீங்க?"

"ஐயா, உங்ககிட்ட எப்படி..." என்று ஆரம்பித்தார் சர்வீஸ்காரர்.

"நானென்ன கடிச்சுப்போடுவனா? லேத்துக்காரன்கிட்டப் போயி சாமான் எச்சுன்னு சொன்னா அவன் கொறச்சுத் தரப்போறான். அவ்வளவுதான சமாச்சாரம்? மரியாத பாக்கற எடமா இது?" பட்டையைக் கழற்றிக் கையில் வாங்கினார். மடிப்பின் மேல் நகத்தை ஓட்டினார். "ஒரு நூலுல ஆறுல ஒரு பங்கு, அரை மில்லிமீட்டரு வரும். என்ற கண்ணு போச்சு. ஆனா அதெச் சொல்லோணுமல்லோ நீங்க."

பட்டறைக்குப் போய் முப்பத்தைந்து நிமிடத்தில் திரும்பி வந்தார். தடிமனையும் பாதியாக இழைத்திருந்தார். பாலிஷ் போயிருந்தது. சர்வீஸ்காரர் செருகினார், இறுக்கினார். மூன்று பேரும் மாறி மாறி டார்ச் அடித்துப் பார்த்தோம். தங்கக் கோடு இல்லை.

ஆன் செய்ய யாருக்கும் கை வரவில்லை. அணைந்திருக்கும் பெட்டிக்குள் படங்கள் இருக்கவும் செய்யலாம், இல்லாமலும் போயிருக்கலாம். பட்டனை அமுத்தினால் ஏதாவது ஒன்று உறுதியாகிவிடும். நான் அமுத்தினேன். மூன்று நாற்பத்தெட்டு.

ஏழு விளக்குகள் பச்சை. ஒன்று சிவப்பு. எட்டில் ஒரு டிஸ்க்கைக் கார்டு வெளியே தள்ளியிருந்தது. மற்ற ஏழையும் வைத்து அதை மறுபடி கட்ட ஆரம்பித்தது. கட்டி முடிக்கும்வரை இன்னும் ஒன்றுதான் போகலாம். வால்பாறைப் பெண்ணின் படத்தைத் திறந்தேன். வந்தது. அத்தனை துண்டுகளையும் ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு. ஒன்றும் கறுப்பில்லை. அந்தப் புள்ளி எங்கே என்று எனக்குத் தெரியாது, தேடவும் இல்லை.

திங்கள் காலை எட்டு மணிக்கு டாக்டர் வந்ததும், அவர் பையை வைப்பதற்குள் சொன்னேன். நகல் நின்ற நாள், நின்ற மணி, எத்தனை மாதம் இருக்கிறது, எத்தனை மாதம் இல்லை, நேற்று என்ன நடந்தது, போனில் நான் என்ன சொன்னேன் எல்லாவற்றையும் நோட்டைப் பார்த்தே சொன்னேன். அவர் நின்றுகொண்டே கேட்டார்.

"ஓடுதுன்னு சொன்னீங்களேங்க."

"சொன்னேம்மா."

"நான் அத நம்பி எத்தன பேருகிட்டச் சொல்லியிருக்கேன் தெரியுங்களா? பிலிம் வேண்டாம், எங்ககிட்டப் பத்திரமா இருக்குதுன்னு." குரல் உயரவில்லை. "நகல இன்னைக்கே போடுங்க. படம் நாலு நிமிஷம் ஆனாலும் சரி, பத்து நிமிஷம் ஆனாலும் சரி. முடியற வரைக்கும் நிறுத்தக்கூடாதுங்க. வெளிய உக்காந்திருக்கறவங்களுக்கு நீங்களே போய்ச் சொல்லுங்க, எதுக்கு நேரமாகுதுன்னு."

போய்ச் சொன்னேன். சிலர் தலையாட்டினார்கள். ஒருவர், "கம்ப்யூட்டருன்னாலே இப்படித்தானுங்க" என்று என்னைச் சமாதானப்படுத்தினார்.

வால்பாறைப் பெண் பதினொன்றரைக்கு வந்தார். கணவரும் கூட. மலைப்பாதையில் இரண்டு தடவை வாந்தி எடுத்ததாகச் சொன்னார். புது ஸ்கேன் எடுத்து, டாக்டர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தார். நகல் ஓடிக்கொண்டிருந்தும் ஐம்பது விநாடிக்குள் திறந்தன. நான் கதவருகே நின்றேன். எனக்கு அங்கே வேலை இல்லை.

"போன வருசம் எட்டு மில்லிமீட்டருங்க. இப்பவும் எட்டு" என்றார் டாக்டர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "பழசு இல்லீன்னா ஊசி குத்தி எடுத்துப் பாக்கச் சொல்லி எழுதியிருப்பேன். வேற வழியில்ல." பிறகு அறிக்கையைத் தட்டச்சு செய்யத் தொடங்கினார்.

அந்தப் பெண்ணிடம் அவரே போய் விளக்கினார். இப்போதைக்குப் பயமில்லை, இன்னொரு வருடம் கழித்து ஒருமுறை பார்க்க வேண்டும், அதற்கும் இந்தப் பழைய படம் வேண்டும். அந்தப் பெண் உறையை வாங்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"அடுத்த வருசத்துக்கும் இந்தப் படம் வேணுமாமே சார். இருக்கும்ல?"

வெள்ளிக்கிழமை போனில் சொன்ன அதே வார்த்தை வாயில் வந்தது. நிறுத்தினேன்.

"இப்ப ஒரு எடத்துல இருக்குதும்மா. இன்னொரு எடத்துல நகல் எடுத்துட்டிருக்கோம். சனிக்கிழமை முடியும்."

அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். "அதுவரைக்கும் ஒண்ணுதானா?"

"ஆமாங்க."

"அப்ப சனிக்கிழம போன் போட்டுக் கேக்குறேன் சார்" என்றார். கணவர், "வா, பொள்ளாச்சி பஸ் போயிரும்" என்று இழுத்தார்.

அந்த ஐந்து நாளும் நான் ஒரு மணிக்கு ஒருதரம் சர்வர் அறைக்குப் போய் எட்டு விளக்குகளை எண்ணினேன். வீட்டில் சாப்பிடும்போதும் எண்ணினேன். சனிக்கிழமை பதினோரு மணிக்கு அவர் போன் செய்தார். பின்னால் பஸ் ஹாரன் கேட்டது.

"முடிஞ்சிருச்சா சார்?"

"நூத்துல தொண்ணூத்தேழு பங்கு முடிஞ்சிருக்குதும்மா. மூணு பாக்கி."

"என் படம் அந்த மூணுல இருக்கா, தொண்ணூத்தேழுல இருக்கா?"

நான் அதைப் பார்த்திருக்கவில்லை. "லைன்ல இருங்க" என்று சொல்லிவிட்டு, நகல் பெட்டியில் தேடிப் பார்க்க எழுந்து போனேன்.